அப்பாவைக் கடந்தை கொட்டிவிட்டது, சுண்ணாம்பு வைத்திருக்கிறோம், போதுமா?

மல்லாட்டைக்கொல்லை | ஞாயிறு, இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம். இன்று காலை 7 மணி வாக்கில் அப்பா கழனிக்குப் போனார். மோட்டார் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த பனமட்டைகளை இழுத்திருக்கிறார். அதற்குள் கடந்தைக் கூடு. கறுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை போட்டிருக்குமே, அந்தப் பெரிய குளவி வகை. வரப்பில் ஓடிவந்து விழுந்தவரை, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் தூக்கி வந்தார்கள். தலை, கழுத்து, முதுகு, இரண்டு கை. நானும் அம்மாவும் 37 வரை எண்ணினோம். தலைமுடிக்குள் இருப்பது கணக்கில் இல்லை.

ஆயா வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துக் கொட்டின இடமெல்லாம் வைத்துவிட்டாள். பெரியப்பா அரிவாள் முதுகை வைத்துத் தேய்த்தார். அப்புறம் பக்கத்து ஊர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். 3 ஊசி: டிடி ஒன்று, அவில் ஒன்று, வலிக்கு ஒன்று. 'விஷம் இறங்கிடும், பயப்படாதீங்க' என்று அனுப்பிவிட்டார்கள். மூச்சுத் திணறல் இல்லை. மதியம் கேவுரு களி கொடுத்தோம், வாந்தி எடுத்துவிட்டார். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது என்கிறார். முகம் வீங்கி ஒரு கண் மூடியே போய்விட்டது. வயது 58, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

நாளைக்கும் சுண்ணாம்பு வைக்கலாமா, இல்லை வெங்காயச் சாறு நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொசப்பேட்டை | இரவு 9:02

சுண்ணாம்புதான் சரி தம்பி. தேள், குளவி, தேனீ எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான். வெங்காயம் சும்மா குளுகுளு என்று இருக்கும், அவ்வளவுதான். ராத்திரி ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை வையுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கூட்டைக் கொளுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தது யாரையாவது பிடிக்கும்.

காவிரிக்கரையான் | இரவு 9:10

கடந்தை என்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கதண்டு என்போமே, அதுதானே? பேப்பர்காரர்கள் 'விஷ வண்டு' என்று போடுவார்கள். அது வண்டே கிடையாது, பெரிய குளவி. எங்கள் ஊரில் கதண்டு கொட்டினால் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 37 என்பது சின்ன எண்ணிக்கை இல்லை தம்பி.

வெள்ளைப்புடவை | இரவு 9:25

தம்பி, சுண்ணாம்பு வெங்காயம் எல்லாம் அப்புறம் பேசலாம். எனக்கு மூன்று பதில் வேண்டும். காலையிலிருந்து அப்பா எத்தனை முறை ஒன்றுக்குப் போனார்? என்ன நிறம்? வலிக்குப் போட்ட ஊசியின் பெயர் சீட்டில் இருக்கிறதா?

நிறத்தை அவரிடம் கேட்காதீர்கள், 'எல்லாம் சரியாத்தான் இருக்குது போடா' என்பார். ஒரு காலி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, பிடித்து வரச் சொல்லி, டியூப்லைட் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். நான் 31 வருஷம் வார்டில் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸ்.

மல்லாட்டைக்கொல்லை | இரவு 9:48

அக்கா, காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். இப்போது பாட்டிலில் பிடித்ததும் கால் டம்ளர்கூட இல்லை. பால் ஊற்றாத டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது. சீட்டில் டைக்ளோ என்று தொடங்குகிறது, மீதி எழுத்து புரியவில்லை. உடம்புச் சூடு என்று அம்மா வெந்தயம் ஊறப் போட்டிருக்கிறாள்.

வெள்ளைப்புடவை | இரவு 9:51

அது சூடு இல்லை. இப்போதே கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

டயாலிசிஸ் மெஷின் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும், நடுவில் எந்த கிளினிக்கும் வேண்டாம். உங்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, இல்லாவிட்டால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. காரோ 108-ஓ, எது முதலில் வருகிறதோ அது. பைக்கில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் அணைத்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம். அந்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். மருந்துச் சீட்டும் சர்க்கரை மாத்திரை அட்டையும் வேண்டும்.

வாசலில் இப்படியே சொல்லுங்கள்: 'கடந்தை 40 கொட்டு, 15 மணி நேரம் ஆகிறது, நீர் பிரியவில்லை, பிரிந்ததும் இந்த நிறம், டைக்ளோ ஊசி போட்டிருக்கிறது.' பூச்சி கடித்துவிட்டது என்று மட்டும் சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மல்லாட்டைக்கொல்லை | இரவு 10:04

பெரியப்பா மகன் கார் வந்துவிட்டது. கிளம்புகிறோம்.

கொசப்பேட்டை | இரவு 10:20

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், எனக்குப் புரியவில்லை. மூச்சு நன்றாக இருக்கிறது, ஆள் பேசுகிறார். கடந்தை கொட்டினதற்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளைப்புடவை | இரவு 10:55

கேட்டது நல்லது. 'மூச்சு நன்றாக இருக்கிறது, ஆபத்து தாண்டிவிட்டது' என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த கிளினிக்கிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கொட்டுவதில் இரண்டு ஆபத்து உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று ஒவ்வாமை. அது ஒரே ஒரு தேனீ கொட்டினாலும் வரும், ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு மட்டும் வரும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இரண்டாவது விஷத்தின் அளவு. நிறையக் கொட்டினால் யாருக்கும் வரும், ஒவ்வாமையே இல்லாத பயில்வானுக்கும் வரும். இது மெதுவாக வரும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் தெரியலாம்.

இவ்வளவு விஷம் ஏறினால் தசையும் இரத்தத்தின் சிவப்பணுவும் உடைகின்றன. உடைந்ததில் இருந்து வரும் நிறப்பொருள் சிறுநீரகத்தில் போய் அடைகிறது. டீ டிகாக்‌ஷன் நிறம் அதுதான். அடித்துப்போட்ட மாதிரி வலி என்று சொன்னாரே, அது தசை உடைகிற வலியாக இருக்கலாம். அதன் மேல் வாந்தி, உடம்பில் நீர் இல்லை. அதற்கும் மேல் டைக்ளோஃபினாக். அது நல்ல வலி மருந்துதான், ஆனால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். திணறிக்கொண்டிருக்கிற சிறுநீரகத்தின் கழுத்தில் கைவைத்த மாதிரி. இப்படி நிறையக் கொட்டு வாங்கினவருக்கு வலிக்கு வெறும் பாராசிட்டமால்தான் நான் கொடுக்கச் சொல்வேன்.

பாம்புக்கு இருக்கிற மாதிரி கடந்தைக்கு விஷமுறிவு ஊசி கிடையாது. குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தொங்குமே, அந்த சலைன்தான் முதல் மருந்து. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்), பொட்டாசியம், தசை நொதி பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சில நாள் டயாலிசிஸ். நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் சிறுநீரகம் திரும்பிவிடும்.

வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்: ஒன்றிரண்டு கொட்டு, வீட்டு வைத்தியம். பத்தைத் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். குழந்தைக்கு அதற்கும் குறைவிலேயே கிளம்பிவிட வேண்டும்.

பாலாற்றுமணல் | இரவு 11:10

சிறுநீரகம் என்றால் நம் ஊரை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. இந்தியாவிலேயே முதலில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது இங்கே சி.எம்.சி.யில்தான், 1971-இல். வடநாட்டிலிருந்து ரயில் ஏறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு வெந்தயம் ஊற வைக்கிறோம். தம்பி கோபப்படாதீர்கள், என் வீட்டிலும் அதே கதைதான்.

கரும்பலகை | திங்கள், காலை 6:15

குடியாத்தம் பக்கம் வேதியியல் ஆசிரியர். சுண்ணாம்புக்கு மட்டும் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. எறும்பு கடித்தால் அமிலம், சமையல் சோடா போட்டால் நடுநிலை என்று பாடத்தில் நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு அமிலம் காரம் புரிய வைக்க நல்ல உதாரணம். கேட்கிறவன் அதை அப்படியே நீட்டி, தேனீ விஷம் அமிலம் அதற்குச் சுண்ணாம்பு, குளவி விஷம் காரம் அதற்கு எலுமிச்சை என்று ஒரு சூத்திரமே பண்ணிவிட்டான்.

தேனீ விஷத்தில் வலி கொடுப்பது புளிப்பு இல்லை, புரதம். உலர்ந்த விஷத்தில் பாதி அளவுக்கு மெலிட்டின் என்கிற ஒரே பொருள்தான், செல்லின் சுவரை ஓட்டை போடுவது அதன் வேலை. ஒரு தேனீ ஏற்றுவது சுமார் 0.1 மில்லிகிராம். அது தோலுக்குள் போய்விடுகிறது. சுண்ணாம்பு தோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். எந்தப் பூச்சியும் கொட்டாத என் இடது முன்கையில், மிளகளவு வெற்றிலைச் சுண்ணாம்பை ஈரமாக வைத்து 20 நிமிடம் விட்டேன். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு லேசான எரிச்சல். கழுவிப் பார்த்தால் ஐந்து பைசா அளவுக்குச் சிவந்து, ஓரம் கொஞ்சம் தடித்திருந்தது. மறுநாள் தோல் உரிந்தது. இதைக் கொட்டின இடத்தில் வைத்திருந்தால், 'பார், விஷம் எப்படி வெளியே வந்திருக்கிறது' என்று நானே சொல்லியிருப்பேன்.

கண்ணோரம், இமை, உதடு பக்கம் சுண்ணாம்பைக் கொண்டுபோகவே கூடாது. கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும்.

கொசப்பேட்டை | காலை 7:40

சார், நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் எங்கள் ஆயா சுண்ணாம்பு வைத்து ஒரு மணி நேரத்தில் வலி போயிருக்கிறது. நானே பார்த்தது.

கரும்பலகை | காலை 7:52

வைக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போயிருக்கும் ஐயா. ஒரு கொட்டு என்றால் அதுதான் அதன் ஆயுள். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களே, அதற்கு மதிப்பு உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பெட்டித்தேன் | காலை 9:30

ஜமுனாமரத்தூர் பக்கம் பெட்டியில் தேனீ வளர்க்கிறேன். 1989-இல் பிரித்ததில் எங்கள் மலை திருவண்ணாமலைக்குப் போய்விட்டது, ஆனாலும் பழைய வடாற்காடுதானே, அந்த உரிமையில் எழுதுகிறேன். வருஷத்துக்கு எத்தனை கொட்டு வாங்குகிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கடந்தை வேறு, தேனீ வேறு. கடந்தை ஊசியை உருவிக்கொண்டு மறுபடி மறுபடி குத்தும். தேனீயின் கொடுக்கில் முள் இருக்கிறது, அது தோலில் மாட்டிக்கொள்ளும், தேனீ பறக்கும்போது அடிவயிறு கிழிந்து கொடுக்கும் விஷப்பையும் நம் மேலேயே தங்கிவிடும். உற்றுப் பார்த்தால் தெரியும்: கறுப்பாக ஒரு முள், அதன் தலையில் வெள்ளையாக அரிசி நொய்யில் பாதி அளவுக்கு ஒரு பை. தேனீ செத்துப் போன பிறகும் அந்தப் பை துடித்துக்கொண்டே இருக்கும். துடிக்கத் துடிக்க விஷம் உள்ளே இறங்கும். 20 நொடிக்குள் பெரும்பங்கு இறங்கிவிடும்.

அதனால் எப்படி எடுப்பது என்பதில் நேரத்தை விடாதீர்கள். பையைக் கிள்ளினால் விஷம் பிதுங்கி உள்ளே போகும், ஏடிஎம் கார்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். 1996-இல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கிள்ளினாலும் சுரண்டினாலும் வீக்கம் ஒன்றுதான், தாமதித்தால்தான் வீக்கம் கூடுகிறது. நீங்கள் பர்ஸைத் தேடுகிற நேரத்தில் பை காலியாகிவிடும். நகத்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். நான் பேன்ட் துணியில் தேய்த்துவிடுகிறேன்.

அப்புறம் அந்த இடத்தை விட்டு நகருங்கள். கொட்டின இடத்திலிருந்து ஒரு வாசம் கிளம்பும், நன்றாகப் பழுத்த வாழைப்பழ வாசம். அது மற்ற தேனீக்களுக்குக் கொடுக்கிற சங்கு. அங்கேயே நின்று துண்டால் அடித்துக்கொண்டிருந்தால் கூட்டமே வரும். முகத்தையும் வாயையும் மூடிக்கொண்டு, நேராக ஓடி ஒரு அறைக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கிணற்றில் குதிக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. மூச்சு வாங்க மேலே வந்துதானே ஆக வேண்டும், அதுவரை அவை சுற்றிக்கொண்டு நிற்கும். மலைத்தேனீ ரொம்ப தூரம் துரத்தும்.

வீட்டுக்கு வந்த பின் சோப்பும் தண்ணீரும். துணியில் சுற்றின ஐஸ் 10 நிமிடம், எடுத்துவிட்டு மறுபடி. அரிப்புக்கு கேலமைன். தேனும் தடவுவேன், சும்மா பழக்கதோஷம், மருந்து என்று சொல்ல மாட்டேன்.

வாணியம்பாடி வளையல் | காலை 10:05

மோதிரத்தை யாரும் சொல்லவில்லையே! கையில் கொட்டினால் முதல் வேலையாக மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். என் மாமியாருக்குப் புறங்கையில் சின்னக் குளவிதான் கொட்டியது. 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது, நுனி நீலம் பாய்ந்துவிட்டது. தட்டாசாரி கடைக்கு ஓடினோம். அவர் விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவில் மெல்லிசாகத் தகரம் நுழைத்து, சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார். அரை மணி நேரம், மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று. கல்யாண மோதிரம் வேறு. அறுத்த கூலி வாங்கவில்லை அந்த மனுஷன்.

வெள்ளைப்புடவை | காலை 10:30

ரொம்பச் சரி. கொட்டின இடத்தைச் சுற்றி வீக்கம் முதல் 2 நாள் கூடிக்கொண்டேதான் போகும். முழங்கை வரை ஏறினாலும் பயம் வேண்டாம், ஐஸும் செட்ரிசினும் போதும். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் இரவில் ஒன்று. குழந்தைக்கு வயதையும் எடையையும் சொல்லி சிரப் வாங்குங்கள். அவில் போட்டால் தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டக் கூடாது. மறுநாளே சிவந்திருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்க வேண்டாம். 3, 4 நாள் கழித்துக் காய்ச்சலோடு வலி கூடினால்தான் சீழ்ச் சந்தேகம்.

சாணி, மூத்திரம், மண் எதையும் பூசாதீர்கள். வாய்க்குள், தொண்டையில் கொட்டினால் (திறந்து வைத்த ஜூஸில் விழுந்து கிடக்கும்) ஐஸைச் சப்பிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. கருவிழியில் கொட்டினால் கொடுக்கைத் தொடாமல் கண் டாக்டர்.

ஆம்பூர் அண்ணி | காலை 11:45

நர்ஸ் அக்கா ஒவ்வாமை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

என் கொழுந்தனாருக்கு 34 வயது. 2 வருஷம் முன்னால் மாந்தோப்பில் கழுத்தில் ஒரு தேனீ. ஒன்றே ஒன்று. கொடுக்கை எடுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். 5 நிமிடம்கூட இருக்காது, 'அண்ணி, உள்ளங்கை ஏன் இப்படி அரிக்குது' என்றார். பார்த்தால் உள்ளங்கை செக்கச்செவேல். அப்புறம் அக்குள், அப்புறம் தொடை, தடிப்புத் தடிப்பாக. வயிறு வலிக்கிறது என்று கொல்லைப்புறம் போகப் பார்த்தார். பேச்சு மாறிவிட்டது. சளி பிடித்தவர் மாதிரி, பிறகு தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி. மூச்சில் விசில்.

என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்து, அவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் தம்பியை ஏற்றினார். தெருமுனை தாண்டவில்லை, தலை தொங்கிவிட்டது. இறக்கித் தரையில் படுக்க வைத்தோம். கால் இரண்டையும் நான் என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன், யார் சொல்லியும் இல்லை, எப்படியோ தோன்றியது. 2 நிமிடத்தில் கண் திறந்தார். 108 வந்தது. தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், பேன்ட்டுக்கு மேலேயே. அந்த ஊசி போட்ட 5 நிமிடத்தில் அவர் பேச்சு திரும்பினதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். அட்ரினலின் என்றார்கள்.

வெள்ளைப்புடவை | மதியம் 12:20

அண்ணி, அந்தக் கால் தூக்கினதுதான் அவரைக் காப்பாற்றி வைத்தது. இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்போது ஆளை நிமிர்த்தி உட்கார வைத்தால் இதயத்துக்கு இரத்தம் வராது. சட்டென்று எழுந்து நின்றதிலேயே உயிர் போனவர்கள் உண்டு. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுதான் பெரிய தொந்தரவு என்றால் மட்டும் சாய்ந்து உட்காரலாம், கால் நீட்டியபடி. வாந்தி வந்தால் ஒருக்களித்து.

மருந்து அட்ரினலின்தான், தொடையின் வெளிப்பக்கம், தசையில். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். அவில், டெக்சா ஊசிகளைப் போட்டுவிட்டு அட்ரினலினுக்குக் காத்திருப்பதைச் சின்ன இடங்களில் பார்த்திருக்கிறேன். அவை தடிப்பை அடக்கும், உயிரைப் பிடித்து நிறுத்தாது. சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள், திரும்ப வரக்கூடும் என்பதால். சண்டை போட்டுக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

அதனால்தான் யார் வீட்டில் கொட்டினாலும் நான் சொல்வது: அரை மணி நேரம் அந்த ஆளைத் தனியாக விடாதீர்கள். குளிக்க அனுப்பாதீர்கள், கழனிக்கு அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருங்கள். குரல் மாறினால் தெரியும்.

முருங்கைமரத்து வீடு | மதியம் 1:15

கம்பளிப்பூச்சியும் இதில் வருமா? மழை பெய்தால் எங்கள் முருங்கை அடிமரம் முழுக்க கம்பளி போர்த்தின மாதிரி. பிள்ளை சாய்ந்துவிட்டான். மாமியார் வெற்றிலையால் தேய்க்கச் சொல்கிறார்.

பெட்டித்தேன் | மதியம் 1:40

தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே இறங்கும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள், புது டேப்பாக மாற்றி மாற்றி. அப்புறம் கழுவுங்கள். சட்டையை உதறாமல் தனியாகத் துவையுங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள்.

சோளிங்கர் படிக்கட்டு | பிற்பகல் 3:10

தேளுக்கு என்ன செய்வது? மல்லாட்டை பிடுங்கும்போது எங்கள் கொல்லையில் வருஷா வருஷம் யாரையாவது கொட்டும். நாயுருவி இலை, தும்பை இலை எல்லாம் அரைப்போம். கருந்தேள்தானே மோசம்?

வெள்ளைப்புடவை | பிற்பகல் 3:35

பெரிய கருந்தேளைவிடச் சின்னச் செந்தேள்தான் மோசம். வலி மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். வலியைவிட வியர்வை அதிகமாகக் கொட்டி, கை கால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால் இதயத்தில் வேலை நடக்கிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரி. குழந்தை என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் மகாட் என்கிற சின்ன ஊரிலிருந்துகொண்டு டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்பவர் 1980-களில் இதற்கு பிரசோசின் என்கிற மாத்திரையைக் கொண்டுவந்தார். இரத்த அழுத்த மாத்திரைதான். செந்தேளிடம் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த மாத்திரையை வீட்டில் வாங்கி வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், கூடாது.

மட்டுறுத்துநர் | மாலை 4:00

தேள் பூச்சி இல்லை, எட்டுக் கால். தேளுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே தொடருங்கள். பூரான் பற்றிக் கேட்பதானாலும் அங்கேயே கேளுங்கள்.

பாலாற்றுமணல் | மாலை 4:10

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற குளவியை மட்டும் யாரும் அடிக்காதீர்கள் சாமி. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் அம்மா துடைப்பத்தையே கிட்டே கொண்டுபோக விட மாட்டாள். (கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்பதும் கதைதான். அந்தப் புழு குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு.) அது சாது, நாம் கசக்கினாலொழியக் கொட்டாது. தம்பியிடமிருந்து சேதி எதுவும் வந்ததா?

மல்லாட்டைக்கொல்லை | செவ்வாய், காலை 5:20

எல்லோருக்கும் நன்றி. வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிறு ராத்திரி 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன், பாட்டிலை நீட்டினேன். பாட்டிலைப் பார்த்ததும் அந்தச் சின்ன டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை, படுக்கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கிரியாட்டினின் 3.1 என்றார்கள், நேற்று 4.6. சலைன் ஏறியும் நீர் சரியாகப் பிரியவில்லை. நேற்று மாலை முதல் டயாலிசிஸ் நடந்தது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்தால்தான் அழுகை.

காலையிலேயே வந்திருக்கலாமே என்று யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போல இருக்கிறது.

கொசப்பேட்டை | காலை 6:00

தம்பி, சுண்ணாம்பு வை என்று முதலில் எழுதினவன் நான்தான். மனசு கேட்கவில்லை. இரத்தம் ஏதும் வேண்டுமென்றால் சொல், நான் ஓ பாசிட்டிவ். கொசப்பேட்டையிலிருந்து வர எத்தனை நேரம் ஆகும். சாப்பாடு கொண்டு வரட்டுமா?

மல்லாட்டைக்கொல்லை | காலை 6:12

அண்ணா, நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே ஆயா வைத்தாகிவிட்டது. இட்லி மட்டும் கொண்டு வாருங்கள், மூன்று பேருக்கு.

மல்லாட்டைக்கொல்லை | 12 நாள் கழித்து, இரவு 8:15

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மொத்தம் 4 டயாலிசிஸ். ஒன்பதாவது நாள் நீர் தானாகப் பிரிய ஆரம்பித்தது, அன்றைக்கு வார்டில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது கிரியாட்டினின் 1.6. வாரம் ஒரு தடவை இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வலி மாத்திரை எதையும் கேட்காமல் போடக் கூடாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொட்டின வடு ஆறிவிட்டது. சுண்ணாம்பு வைத்த இடங்கள்தான் இன்னும் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கின்றன.

பெட்டித்தேன் | இரவு 8:40

மனசு நிறைந்தது. கூடு என்ன ஆயிற்று? பெட்ரோல் ஊற்றவில்லையே?

மல்லாட்டைக்கொல்லை | இரவு 9:05

இல்லை அண்ணா. தீயணைப்புக்காரர்களை 101-இல் கூப்பிட்டோம். பகலில் வந்து பார்த்து, யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருட்டின பிறகு உடம்பு முழுக்க மூடிக்கொண்டு வந்து எடுத்தார்கள். கால்பந்தைவிடப் பெரிசு. உள்ளே அடுக்கடுக்காக, காகிதத்தில் செய்த மாதிரி அறைகள். மரத்தை மென்று செய்யுமாம்.

கொட்டகையில் கிடந்த ஒரு துண்டைத் தம்பி கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினான். திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'எவ்ளோ நீட்டா கட்டியிருக்குது பாரு' என்றார். இப்போது அது டிவிக்கு மேலே இருக்கிறது. எடுத்துப் போடு என்று ஆயா தினமும் சண்டை போடுகிறாள்.